பதினோராம் வீடு, வைட்டமின் டி

எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்துக்கொண்டிருந்த என்னை ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்த் தள்ளினார் அப்பா. ஆவடியில் ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். அவருடைய ஃபோர்மேனின் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தாள். வேறு காரணம் எதுவும் கிடையாது. கணக்கு எந்த மொழியிலும் கணக்குதான், அதில் தப்பித்துவிட்டேன். அறிவியல்தான் கழுத்தைப் பிடித்தது. பெல்லாக்ரா, பெரிபெரி, ஸ்கர்வி, மராஸ்மஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். எந்தச் சத்து இல்லாவிட்டால் எந்த வியாதி வரும், உடம்பில் என்னென்ன ஆகும், எதைச் சாப்பிட்டால் தீரும் என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி. சாயங்காலம் உருப்போட்டதெல்லாம் காலையில் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் காணாமல் போய்விடும்.

ஜூலை மாதத் தேர்வில் அறிவியலில் நூற்றுக்குப் பதினெட்டு. அப்பா பெல்ட்டைக் கழற்றவில்லை. விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருக் குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடிக்க நின்றவர்களுக்கு என் பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பெல்ட்டே தேவலை என்று இருந்தது. அன்றைக்கு அந்தக் குழாயடியில் நின்ற அத்தனை பேரையும் நான் வெறுத்தேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை நானும் அதே குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றேன். முந்தின நாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் மூன்றாம் வீட்டு அத்தை. குடத்தைத் தூக்கக் குனிந்தாள். அவள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி உண்டு. ஆயிரம் தடவை பார்த்த கழுத்துதான். அன்றைக்குப் பார்த்ததும் ‘காய்ட்டர், அயோடின் குறைவு’ என்று மனதுக்குள் தானாக வந்து விழுந்தது. சாயங்காலம் கண்ணை மூடி அவளைக் குனிய வைத்தேன். குடம், கழுத்து, கட்டி, காய்ட்டர், அயோடின், கடல்மீன். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு, ஒரே ஜன்னல். வீட்டை நினைத்து எதையும் ஞாபகம் வைக்க முடியாது, ஏனென்றால் இரண்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. உள்ளே இருந்த ஆட்களில்தான் வித்தியாசம். அதனால் ஆட்களை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு வியாதி.

முதல் வீட்டுத் தாத்தா வெற்றிலை போட்டுச் சிவக்கச் சிவக்கத் துப்புவார். ஈறில் ரத்தம், ஸ்கர்வி. நாலாம் வீட்டுக் கைக்குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது, மராஸ்மஸ். ஆறாம் வீட்டு மாமாவுக்கு மாலைக்கண். உண்மையில் மாலையானால் அவருக்குக் கண் நன்றாகவே தெரியும், கால்தான் நிற்காது. கரையான்சாவடிப் பக்கம் எங்கேயோ குடித்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிச் சுவரைத் தடவிக்கொண்டு வருவார். எட்டாம் வீட்டு அக்காவுக்கு மாசமாக இருந்ததால் பாதம் வீங்கியிருந்தது, பெரிபெரி. ஒன்பதாம் வீட்டுக்காரர் கையில் வெல்டிங் சுட்ட கறுப்புத் திட்டுகள், பெல்லாக்ரா. ஏழாம் வீடு எங்களுடையது. அதற்கு மட்டும் எந்த வியாதியும் வைக்கவில்லை.

படம் எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு நன்றாக ஒட்டும் என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் வீட்டில் அழகான ஒரு டீச்சர் இருந்தாள்; அவளை வைத்து ஒரு வார்த்தையைக்கூட நிற்க வைக்க முடியவில்லை.

பதினோராம் வீட்டுக்கு எதை வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். புருஷன் அதே ஃபேக்டரியில் டர்னர். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். அவன் நின்றால் முழங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் போகும், நடுவில் ஒரு ரப்பர் பந்து தாராளமாக உருண்டு போகலாம். நடந்தால் வாத்து. என் புத்தகத்தில், எலும்பு வளைகிற வியாதியான ரிக்கெட்ஸ் பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தைக் கிழித்து இவன் முகத்தை ஒட்டினால் போதும்.

அவன் கால் ஏன் அப்படி ஆனது என்பதற்கு எங்கள் வரிசையில் வேறு தீர்ப்பு இருந்தது. பச்சைக் குழந்தையை நீட்டிய காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவி இழுத்துவிட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அவள் பிள்ளை பெற்ற இரண்டாம் மாதமே தாய் வீட்டிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். நீவிவிட ஆளில்லை, அவளுக்கும் தெரியவில்லை, கால் வளைந்துவிட்டது. இதுதான் தீர்ப்பு. குழாயடியில் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் அதை நம்பினாள். மத்தியானச் சமையல் முடிந்ததும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த இரண்டு வயதுப் பையனைக் குப்புறப் போட்டு, நல்லெண்ணெய் தொட்டுக் காலை நீவுவாள். விட்டுப்போனதை இழுத்துப் பிடிக்கிற வேகம் கையில் இருக்கும். அவன் வீல் என்று அலறுவான். வியாதி என்று யாரும் சொல்லாததால் ஆஸ்பத்திரி ஞாபகம் அவளுக்கு வரவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று புருஷன் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவான்.

எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன். மற்ற வீடுகளுக்கு நான் வைத்த வியாதிகளில் முக்கால்வாசி பொய். எனவே இதுவும் பொய் மாதிரிதான் தோன்றியது என்று பின்னாளில் பலரிடம் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சமாதானம்தான் பொய். நோட்ஸில் அறிகுறிகள் வரிசையாக இருந்தன. மணிக்கட்டு தடித்திருக்கும், நெற்றி புடைத்திருக்கும், விலா எலும்பில் மணி கோத்த மாதிரி முடிச்சுகள் தெரியும். நான் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு போய் அவனை எங்கள் வாசலுக்குக் கூட்டி வந்தேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். சட்டையைத் தூக்கி விலாவைத் தடவினேன். முடிச்சுகள் இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புத்தகத்தில் போட்டிருந்தது அப்படியே ஒரு பிள்ளையின் உடம்பில் இருந்ததில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு மிட்டாயைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு அவனை இப்படியும் அப்படியுமாக நடக்க வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். அந்த மாதத்தில் இப்படி நாலைந்து தடவை நடக்க வைத்திருப்பேன்.

ஆகஸ்டு தேர்வில் எழுபத்தொன்று வந்தது. அப்பா அந்த விடைத்தாளைக் குழாயடிக்குக் கொண்டு போகவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி பருத்திப்பட்டுக்காரி. குவார்ட்டர்ஸ் எல்லாம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே விவசாயம் பார்த்த குடும்பம். என்னைப்போலவே தமிழிலிருந்து மாறி வந்தவள். எழுபத்தொன்று எப்படி வந்தது என்று என்னைக் குடைந்தாள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்து வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்திக் காட்டினேன்.

“இன்னாமே இது, ஊட்டுக்கு ஒரு வியாதியா?” என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஷோக்கா கீது! பதினோராம் ஊட்டாண்ட இன்னொரு தபா போலாம் வா. அந்தப் புள்ள நடக்கறத நான் இன்னும் சரியா பாக்கல.”

அவளுக்கு இது படிப்பாகப் படவில்லை, விளையாட்டாகப் பட்டது. ஒருத்தி வீட்டு நம்பரைச் சொல்ல வேண்டும், மற்றவள் வியாதியைக் கத்த வேண்டும். எங்கள் வரிசைப் பொடிசுகள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் அவர்களே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்களைப் பார்த்துக் கத்தினால் முதுகில் விழும். முதல் வீட்டுத் தாத்தா தடியை எடுத்தார், ஆறாம் வீட்டு மாமா செருப்பை எடுத்தார். பதினோராம் வீட்டுப் பையனைப் பார்த்துக் கத்தினால் அடிக்க யாரும் வரவில்லை. ஆகவே அந்த ஒன்று மட்டும் நிலைத்தது. அவன் தலை வாசலில் தெரிந்தால் போதும், “ரிக்கெட்ஸ்! ரிக்கெட்ஸ்!” என்று பத்துப் பிள்ளைகள் கையைத் தட்டிக்கொண்டு அவனைப்போலவே காலை அகட்டி நடப்பார்கள். பையன்கள் அவனை வட்டத்தில் விட்டுப் பந்தை அவன் கால் நடுவே உதைத்துக் கோல் போட்டார்கள். நான் கத்தவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறவள், அந்தப் பொடிசுகளோடு சேர்ந்து கத்துவது கௌரவக் குறைச்சல். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் பையனின் அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

சாத்தினாள் என்றால், பகலெல்லாம் சாத்தினாள். ஜன்னலுக்குப் பழைய பேப்பர் ஒட்டினாள். தண்ணீர் பிடிக்க வரும்போது வெளியே தாழ் போட்டுவிட்டு வருவாள். உள்ளே அவன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது குழாயடிவரை கேட்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னுடைய படத்தை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. அரைப் பரீட்சை வந்துகொண்டிருந்தது, அவனைப் பார்த்துப் பல வாரமாகிவிட்டது, கண்ணை மூடினால் கால் மங்கலாகத்தான் வந்தது. ஒரு நாள் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் அவர்கள் கதவைத் தட்டினேன்.

அவள் என்னை உள்ளே விட்டாள். பட்டப்பகலில் அந்த அறை இருட்டாக, எண்ணெய் வாடையாக இருந்தது. பையன் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தான். நான் சர்க்கரைக்கு நிற்கிற மாதிரி நின்று அவன் காலைப் பார்த்தேன். முன்பைவிட மோசமாகியிருந்தது. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் என் கையை விடவில்லை.

“ஏ பிள்ள, நீ இங்கிலீசு படிக்கவ. ஒன்கிட்ட ஒன்னு கேக்கணும். எம் புள்ளயப் பாத்து எல்லாப் பிள்ளைகளும் ஒரு வார்த்த சொல்லுதுவல்லா, அது என்ன வார்த்த? கெட்ட வார்த்தையா?”

“தெரியாதுக்கா.”

“ஒன் ஃபிரெண்டுதான் மொதல்ல சொன்னான்னு சொல்லுதாவ. ஏதும் சீக்கா? சீக்குன்னா சொல்லுட்டி. நான் ஒன்னும் வய்ய மாட்டேன்.”

அவள் சரியான கேள்வியைச் சரியான ஆளிடம்தான் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. வைட்டமின் டி, சூரிய ஒளி, முட்டை மஞ்சள் கரு, பால், மீன் எண்ணெய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொன்னால் அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேள்வி வரும், அப்பா காதுக்குப் போகும், இந்தத் தடவை என்னையே குழாயடியில் நிறுத்துவார். அதுமட்டும்தான் என் புத்தியில் ஓடியது.

“சீக்கெல்லாம் இல்லக்கா. சும்மா ஒரு பேரு. பசங்க எதையாச்சும் கத்துவாங்க, விடுங்க” என்றேன்.

“அப்ப சரி” என்று கையை விட்டாள். “கேலி அடங்குற வரைக்கும் இவன் உள்ளயே கெடக்கட்டும்.”

சர்க்கரையோடு வீட்டுக்கு வந்தேன். பார்த்ததை மறப்பதற்குள் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முழுப் பரீட்சையில் ரிக்கெட்ஸ் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. காரணம், அறிகுறிகள், தடுக்கும் முறை. அந்த இருட்டு அறையை நினைத்துக்கொண்டு ஒரு மூச்சில் எழுதி, கேட்காமலேயே படமும் வரைந்தேன். ஐந்துக்கு ஐந்து. மொத்தம் தொண்ணூற்று மூன்று. வகுப்பிலேயே அதிகம் என்று பிரேயரில் என் பெயரைப் படித்தார்கள். பருத்திப்பட்டுக்காரியும் பாஸ். அப்பா பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் எனக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஜனவரியில் அந்தப் பையன் கட்டிலிலிருந்து விழுந்தான். முழங்கால் உயரக் கட்டில். அதிலிருந்து விழுந்ததற்கே கை உடைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் மாவுக்கட்டுப் போட்ட பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“அந்த வார்த்தையத்தான் டாக்டரும் சொல்லுதாரு” என்றாள் என்னைப் பார்த்து. “ஒங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு? சொல்லு, கேக்கேன்.”

நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்து பரீட்சையில் எழுதியதை எழுதியபடியே ஒப்பித்தது. அவளுக்காகத் தமிழில் சொன்னேன். வளரும் குழந்தைகளுக்கு வரும். எலும்பு பலமில்லாமல் போகும். கால் வளையும். சுலபமாக எலும்பு முறியும். தடுக்கும் முறை, முட்டை, பால், மீன் எண்ணெய். குழந்தைகளைத் தினமும் வெயிலில் விளையாட விட வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இத எப்பப் படிச்ச?”

“ஒன்பதாவது படிக்கறப்ப, ஜூலைல.”

“அப்ப இவனுக்கு ரெண்டு வயசு” என்றாள். “அப்பமே வந்திருந்தா வெறும் மருந்துலயே நிமிந்திருக்கும், இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாரு. வெயில்ல விடலியாம்மான்னு கேக்காரு. நான் கதவச் சாத்தில்லா வச்சிருந்தேன்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “சின்னப் பொண்ணும்மா அது. பாடத்துல மனப்பாடம் பண்ணுது. அதுக்கு என்னா தெரியும்?”

“தெரியாமலா மதினி தொண்ணூத்தி மூணு போட்டாவ?” என்றாள் அவள்.

அவள் குரலை உயர்த்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தச் சலுகையை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பாயை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விரித்தாள். பையனை ஜட்டியோடு அதில் உட்கார வைத்தாள். வெயில் அவன் மேல் விழுந்தது. எங்கள் வரிசை முழுக்கக் கிழக்குப் பார்த்தது. அவர்கள் வாசலிலும் அதே வெயில்தான். அம்மா ஒரு நாள் அதைச் சொல்லியும் பார்த்தாள். “டாக்டரு வெயிலுன்னுதான் சொன்னாரு, யாரு வாசல்னு சொல்லல” என்று அவள் நகரவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது பாயைச் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போவார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வாட்ச் கட்டிக்கொண்டு போகாதே என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி, மார்ச் முழுக்க அப்படி. பப்ளிக் பரீட்சைக்கு லீவு விட்டிருந்தார்கள், நான் நாளெல்லாம் வீட்டில்தான். தினமும் ஒரு மணி நேரம் அவள் பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்ப்பாள். நான் படித்தது ஒன்றும் ஏறவில்லை. இதயத்தின் நாலு அறைகளைப் படித்தாலும், பூவின் பாகங்களைப் படித்தாலும், எல்லாப் பெயரும் போய் அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் எழுந்தேன். ஒவ்வொரு காலையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைப்போன்ற கோழைகளுக்குப் புத்தகம் நல்ல மறைவிடம். அவனுக்கு ஏழு வயதில் எலும்பை வெட்டி நிமிர்த்தினார்கள் என்றும், ஒரு கால் அரை அங்குலம் கட்டையாகப் போய்விட்டது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

கடைசிப் பரீட்சை அறிவியல். எழுதிவிட்டு மறுநாள் காலை கண் விழித்தபோது அவள் வழக்கம்போல வாசலில் இருந்தாள். ஆனால் பாயை விரிக்கவில்லை, சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“பரிச்ச முடிஞ்சிட்டுல்லா?”

“ம்” என்றேன்.

“இனி இவனப் பாத்து ஒனக்குப் படிக்க ஒன்னுமில்ல” என்றாள். “நாங்க எங்க வாசல்லயே இருந்துக்கிடுதோம்.”

இடுப்பிலிருந்த பையனை இறக்கி விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வீடு தள்ளி இருக்கிற அவர்கள் வாசலுக்கு அவன் நடந்து போய்ச் சேர வெகுநேரம் ஆனது. அவள் அவனை ஒரு இடத்திலும் தூக்கவில்லை.